எழாத புகைக்கு என்ன விலை?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை அறியாதவர் தென்கோடித் தமிழகத்தில் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் அது வீசத் தொடங்கினால் ஓடுகள் பறக்கும்; பனைகள் ஒருபுறமாகச் சாயும்; நம் கோயில் மணியோசை நம் ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். முப்பந்தலைச் சூழ்ந்த பொட்டல் நிலங்களில் 1980களின் பிற்பகுதி தொட்டுக் காற்றாலைகள் எழலாயின. அப்பகுதியில் நாம் பங்குப்பணி ஆற்றிய காலத்தில், 2007ஆம் ஆண்டு வாக்கில், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர் ஒருவர் நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி அறைவீட்டுக்கு வந்தார். "சாமி, நான் கிரயம் பண்ணிக் கொடுத்த நிலத்துல காத்தாடி போட்டிருக்காங்கல்லா, அவங்களுக்குப் புகை விடாம இருந்ததுக்காக வெளிநாட்டுல இருந்து துட்டு வருதாமே, நெசமா?" என்று கேட்டார்.

"விசாரித்துச் சொல்கிறோம்" என்று அவரை அனுப்பிவைத்தோம். விசாரித்தபோது செய்தி மெய்யென்றே தெரிந்தது. 1997இல் கியோத்தோ நகரில் உருவான ஒப்பந்தத்தின்படி, தொழில்வளம் பெற்ற நாடுகள் தம் ஆலைகளும் ஊர்திகளும் வெளிவிடும் கரியமில வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்கக் கடமைப்பட்டன. அதை முழுவதும் தம் மண்ணிலேயே குறைக்க வேண்டியதில்லை. வளரும் நாடொன்றில் எழவிருந்த புகையை எழாமல் தடுத்து, அதற்கான சான்றை விலைக்கு வாங்கித் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாயிலும் திறந்துவைக்கப்பட்டது. 'தூய்மை வளர்ச்சிச் செயல்முறை' என்று அதற்குப் பெயர். தமிழகக் காற்றாலைகள் பலவும் அதில் பதிவு பெற்றன. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சான்று. ஒரு டன் என்பது ஏறத்தாழ 430 லிட்டர் பெட்ரோலை எரித்தால் எழும் அளவு. எழுந்த புகைக்குத் தண்டம் விதிப்பதை நாம் அறிவோம். எழாத புகைக்கு விலை கொடுப்பது நமக்கும் அன்று புதிதாகவே இருந்தது.

அன்று தொடங்கி இப்பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்திருக்கிறோம். படிக்கப் படிக்க, கார்பன் சந்தை நல்லதா தீயதா என்ற கேள்வியைவிட, அதன் உள்ளே ஒளிந்திருக்கும் வேறொரு கேள்வியே நம்மை விடாது பற்றிக்கொண்டது. ஏழை நாடுகள் இச்சந்தையில் பங்கேற்க வேண்டும். ஆனால் அதற்கான ஆயத்தம் அவற்றிடம் இல்லை. ஆகவே நாங்கள் அவற்றை ஆயத்தப்படுத்துகிறோம் என்று உலக வங்கியும் செல்வ நாடுகளும் பல ஆண்டுகளாகப் பணமும் வல்லுநர்களும் அனுப்பி வருகின்றன. வாங்கப்போகிறவனே விற்கப்போகிறவனுக்கு வாணிகம் கற்பிக்கிறான். இவ்வுதவி எப்போது அறச்செயலாகும்? எப்போது அது, தராசை நம் கையில் கொடுத்துவிட்டு எடைக்கல்லைத் தன் மடியில் வைத்துக்கொள்ளும் தந்திரமாகும்?

இதைத் தொடுமுன் ஒரு பழைய வடுவைத் தொட்டாக வேண்டும். கார்பன் வரவுகளைக் குறைகூறுவோர் உடனே எடுத்துக்காட்டுவது, பதினாறாம் நூற்றாண்டில் நம் திருச்சபையில் பணத்துக்கு வழங்கப்பட்ட பரிபூரண பலன்களைத்தான். பாவத்தை விடாமலே பணத்தைக் கொடுத்துத் தண்டனையிலிருந்து தப்புவது போல, புகையை விடாமலே பணத்தைக் கொடுத்துத் தூய்மை பெறுகிறார்கள் என்பது அவர்தம் வாதம். கேட்கும்போது நமக்குத் தலை குனியத்தான் செய்கிறது. 1567இல் திருத்தந்தை 5ஆம் பத்திநாதர் அக்கொடுக்கல் வாங்கலை ஒழித்தார் என்று சொல்லி நாம் ஆறுதல் அடைவதுண்டு. ஆயினும் அந்த ஒப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அன்று விற்றவர் வலியவர், வாங்கியவர் எளியவர். இன்றோ வாங்குகிறவர் வலியவர், விற்கிறவர் எளியவர். எனவே வாங்குவோரின் மனச்சான்றை மட்டும் ஆராய்ந்தால் போதாது. விற்பவரின் நிலைமை என்ன, அவர் எந்த அறிவோடும் எந்த உரிமையோடும் சந்தைக்கு வருகிறார் என்பதே ஆராயத்தக்கது.

கியோத்தோச் சந்தையின் பலனில் பெரும்பகுதி சீனாவுக்கும் இந்தியாவுக்கும் சென்றது. அந்நாடுகளில் ஆலைகள் இருந்தன, பொறியாளர்கள் இருந்தனர், கணக்கெழுதும் நிறுவனங்கள் இருந்தன. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் கிடைத்தது மிகச் சிறு பங்கே. குறைவாகப் புகைவிட்டவனிடம் குறைப்பதற்கும் குறைவாகவே இருந்தது என்பது ஒரு காரணம். அன்றைய ஐ.நா. பொதுச் செயலர் கோபி அன்னான் 2006இல் நைரோபியில் ஒரு முயற்சியைத் தொடங்கிவைத்தார். ஆப்பிரிக்க நாடுகளும் இச்சந்தையில் இடம் பெற உதவுவது அதன் நோக்கம். 2007இல் பாலித் தீவில், காடுகளைக் காப்பதற்கு நிதி வழங்கும் கூட்டாண்மை ஒன்றை உலக வங்கி அறிவித்தது. அதில் ஆயத்தப்படுத்துவதற்கெனவே தனி நிதி ஒதுக்கப்பட்டது. 2010 டிசம்பரில் மெக்சிக்கோவின் கான்கூன் நகரில் 'சந்தை ஆயத்தத்திற்கான கூட்டாண்மை' அறிவிக்கப்பட்டது. சிலி, கொலம்பியா, மெக்சிக்கோ, தாய்லாந்து, துருக்கி, சீனா, இந்தியா முதலிய நாடுகள் அதில் சேர்ந்தன. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது நடைபெற்றது. அதன் பணியைத் தொடர 2021இல் வேறொரு கூட்டாண்மை செயலுக்கு வந்தது.

இதற்கிடையே சந்தைக்கு என்ன நேர்ந்தது? 2008இல் ஒரு சான்று 20 யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. 2012ஆம் ஆண்டு முடியும்போது அது ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்துகிடந்தது. பெருமளவில் வாங்கி வந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளாதார மந்தத்தால் தேவை குறைந்தது. சான்றுகளோ மலையாகக் குவிந்தன. 2012க்குப் பின் பதிவாகும் திட்டங்களில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் திட்டங்களை மட்டுமே ஏற்போம் என்று ஒன்றியம் விதித்தது. ஏழைக்குத் தனிச்சலுகை! கேட்பதற்கு இனிமைதான். ஆனால் அச்சலுகை கதவைத் தட்டிய நேரத்தில் பண்டத்துக்கு விலையே இல்லை. பந்தியில் கடைசியாக அமரவைக்கப்பட்டவனுக்கு இலை போட்டு, நீர் தெளித்து, அதன்பின் அண்டா காலி என்று சொன்னது போலாயிற்று. நாலைந்து ஆண்டுகள் அலுவலகம் அமைத்து, படிவம் கற்று, ஆள்களைப் பயிற்றுவித்த நாடுகளுக்கு அந்த உழைப்புக்கு ஈடு செய்தவர் யார்? பயிற்சி அளித்தவர்கள் சந்தையின் விலைக்குப் பொறுப்பேற்பதில்லை. இதை ஒரு மோசடி என்று நாம் சொல்லவில்லை. எனினும் ஒருவனைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவன், வண்டி வராமலும் போகலாம் என்பதையும் முன்னதாகச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லனா?

ஆயத்தப்படுத்துதலே வீண் என்று முடிவுகட்டுவதும் நேர்மையன்று. அதன் பெரும்பகுதி அளக்கக் கற்றுக்கொடுப்பதுதான். தன் நாட்டில் எந்த ஆலை எவ்வளவு புகை விடுகிறது என்றறியும் ஏடு, அதைச் சரிபார்க்கும் முறை, சட்டம், பதிவேடு ஆகியவை வாங்குவோருக்கு மட்டும் உதவுபவை அல்ல. சிலி நாடு 2014இல் சட்டம் இயற்றி, 2017 முதல் பெரும் அனல்மின் நிலையங்கள் முதலியவற்றின் மீது டன்னுக்கு 5 டாலர் வரி விதித்தது. கொலம்பியாவும் 2017இல் எரிபொருள்கள் மீது கார்பன் வரி விதித்தது. பிறருக்கு விற்பதற்காகக் கற்ற அளவை, தம் வீட்டைத் தாமே ஒழுங்குசெய்யவும் அந்நாடுகள் பயன்படுத்திக்கொண்டன. கூட்டாண்மையின் நற்கனிகளுள் இதையே நாம் முதலாவதாகக் கருதுகிறோம். கடைக்காரனிடம் ஏமாறாதிருக்கக் கணக்குப் படித்த சிறுவன், அதே கணக்கால் தன் வீட்டுச் செலவைச் சீர்செய்வதில் தவறென்ன?

எனினும் இச்சந்தையில் அளப்பது எளிதன்று. இங்கே அளக்கப்படும் பொருள் வெளிவந்த புகை அன்று, வெளிவந்திருக்கக்கூடிய புகை. இத்திட்டம் இல்லாதிருந்தால் இக்காடு எவ்வளவு அழிந்திருக்கும், இந்த ஆலை எவ்வளவு நிலக்கரி எரித்திருக்கும் என்று ஒரு கற்பனைக் கோடு வரைந்து, அதற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைச் சரக்காக்குகிறார்கள். குருமடத்தில் அருளைப் பற்றிய பாடம் பயின்றோர்க்கு இங்கே ஒரு புன்முறுவல் தோன்றும். நடக்காத சூழலில் ஒரு மனிதன் என்ன செய்திருப்பான் என்பதை இறைவன் அறியும் வகை யாது என்பதைப் பற்றி மொலினா என்னும் இயேசு சபைக் குரு 1588இல் ஒரு நூல் வெளியிட்டார். சாமிநாதர் சபையார் கடுமையாக மறுத்தனர். உரோமையில் 1598 முதல் 1607 வரை வழக்காடினர். இறுதியில் திருத்தந்தை 5ஆம் சின்னப்பர், எப்பக்கமும் தீர்ப்பளிக்காமல், ஒருவரையொருவர் பழிக்காதீர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இறைவனுக்கே உரியதென்று இறையியலார் தயங்கிய அறிவை, இன்று ஓர் ஆலோசனை நிறுவனம் இருநூறு பக்க அறிக்கையில் பட்டியலிட்டுக் கையொப்பமும் இட்டுவிடுகிறது!

முப்பந்தல் காற்றாலைகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றை நிறுவியோரில் பலர் பஞ்சாலை முதலாளிகள். தம் ஆலைக்கு மின்சாரம் கிடைக்கும். அதோடு, காற்றாலையின் விலையில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளவும் அரசு இடமளித்திருந்தது. கார்பன் பணம் இல்லாவிடினும் அக்காற்றாலைகள் எழுந்திருக்குமா? எழுந்திருக்கும் என்றால், விற்கப்பட்ட சான்றுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எழுந்திரா என்றால் அது நேர்மையான சரக்கு. இதைவிட வெளிப்படையான கேடும் நிகழ்ந்தது. குளிர்சாதன வாயு செய்யும் ஆலைகளில் துணைவிளைவாக எழும் ஒரு வாயுவின் ஒரு டன், அன்றைய கணக்கில் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதை அழிப்பதால் கிடைத்த வருமானம், அழிக்கும் செலவைப் பன்மடங்கு விஞ்சியது. அழிப்பதற்காகவே கூடுதலாக உண்டாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழ, 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் அச்சான்றுகளை ஏற்க மறுத்தது. அளவுகோலை வளைக்கும் ஆசை ஏழை நாட்டாருக்கும் உண்டு, செல்வருக்கும் உண்டு. ஆதிப்பாவம் தேசம் பார்ப்பதில்லை.

இனி, ஆயத்தம் என்பதன் முழு நீளத்தையும் ஒரு நாட்டில் வைத்துப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, கொக்கோ விளையும் நாடு. நாம் உண்ணும் சாக்லேட்டின் வேர் அங்கிருக்கிறது. கொக்கோத் தோட்டம் விரிய விரியக் காடு சுருங்கியது. பாலியில் அறிவிக்கப்பட்ட காட்டு நிதியில் கானா 2008இலேயே சேர்ந்தது. ஏறத்தாழ 60 லட்சம் ஹெக்டேர் பரப்பில், காடழிப்பைக் குறைத்தபடியே கொக்கோ விளைவிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு கோடி டன் வரையிலான குறைப்புக்கு 5 கோடி டாலர் வரை தரப்படும் என 2019இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2019 சூன் முதல் டிசம்பர் வரை குறைந்ததாகச் சரிபார்க்கப்பட்ட 9,72,456 டன்னுக்கு 48,62,280 டாலர் 2023 சனவரியில் வந்து சேர்ந்தது. பள்ளியில் சேர்ந்தது 2008இல். முதற்கூலி பெற்றது 2023இல். பதினைந்து ஆண்டுகள்! ஒரு குருமாணவனைக்கூடத் திருச்சபை இத்தனை ஆண்டுகள் ஆயத்தப்படுத்துவதில்லை.

அத்தோட்டத்தில் நிற்கும் உழவனின் நிலைமை இன்னும் நுட்பமானது. கொக்கோச் செடிக்கு நிழல் வேண்டும். நிழல் தரும் பெருமரங்களே கார்பனையும் சேர்த்துவைப்பவை. ஆனால் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானாக முளைத்து வளர்ந்த தடிமரம், பாரம்பரியத் தலைமைப் பீடங்களின் சார்பாகக் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருப்பது. உழவன் அதைக் காத்து வளர்த்தாலும் அவனுக்கு அதில் உரிமையில்லை. உரிமம் பெற்ற மரவணிகர் வந்து அதை வீழ்த்தினால் அவன் கொக்கோச் செடிகளும் சேர்ந்து நசுங்கும். ஆகவே அவன் என்ன செய்வான்? கன்றாக இருக்கும்போதே கிள்ளி எறிந்துவிடுவான். உலகச் சந்தைக்கு அவனை ஆயத்தப்படுத்த வந்தோர் செய்மதிப் படத்தாலும் கணிதத்தாலும் மரங்களை எண்ணினர். அம்மரம் யாருடையது என்ற பழைய கேள்வியோ படத்தில் பதிவதில்லை. நம் நாட்டிலும் பட்டா இல்லாத உழவனுக்கு வங்கிக்கடன் பற்றிப் பாடம் நடத்துவோர் உண்டு. உரிமையை நிலைநாட்டுவதே முதற்பாடம், கணக்கு இரண்டாவது. காட்டைக் காத்தோருக்குப் பணம் பகிர்ந்தளிக்க கானாவில் முறை வகுத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பகிர்ந்தளிப்பு என்பது ஈகை. மரத்தின் மீதான உரிமை என்பது நீதி. இரண்டும் ஒன்றாகா.

விலையைப் பார்ப்போம். மேற்சொன்ன தொகையை வகுத்தால் டன்னுக்குச் சரியாக 5 டாலர். அப்பணம் வந்த மறுமாதம், 2023 பிப்ரவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உள்சந்தையில் ஒரு டன் புகை விடும் அனுமதிச் சீட்டு 100 யூரோவைத் தாண்டிற்று. இரண்டும் ஒரே சரக்கல்ல என்று வல்லுநர் சொல்வர். சட்டப்படி அது சரியே. ஆனால் வானத்துக்கு அவ்வேறுபாடு தெரியாது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், ஒரு பொருளை அதன் தகுதிக்கு மேல் விற்பது எப்படி அநீதியோ, அப்படியே அதன் தகுதிக்குக் கீழே வாங்குவதும் அநீதி என்று தெளிவுறுத்துகிறார். இரண்டாம் பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். வாங்குபவனுக்குப் பெரும் பயன் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் விற்பவன் விலையை ஏற்றக்கூடாது என்றும் அவர் சொல்கிறார். செல்வ நாட்டார் இதைத் தமக்குச் சாதகமாகக் காட்டலாம். ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. விற்பதால் விற்பவனுக்கு இழப்பு நேர்ந்தால் அவ்விழப்பையும் விலையில் சேர்க்கலாம் என்கிறார். காட்டை வெட்டாமல் விட்ட உழவனின் இழப்பு, அவன் விளைவிக்காமல் விட்ட கொக்கோ. ஐந்து டாலர் அதை ஈடு செய்கிறதா என்ற கேள்வியை, வாங்குபவரின் வல்லுநரிடமா கேட்பது?

கானா உடன்பட்டுத்தானே கையெழுத்திட்டது என்று சிலர் மறுக்கலாம். 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' மடலில் இந்த மறுப்பை எதிர்கொண்டார். வேறு வழியின்றியோ இதைவிடக் கேடு நேரும் என்றஞ்சியோ குறைந்த கூலிக்கு இசைந்த தொழிலாளி, உடன்பட்டவன் அல்லன். வன்முறைக்கு ஆளானவன் என்றார். 1967இல் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர், மக்களின் முன்னேற்றம் பற்றிய தம் மடலில், இதே நெறி நாடுகளுக்கிடையேயான வாணிகத்துக்கும் பொருந்தும் என எடுத்துரைத்தார். நிலைமையில் பெரிதும் ஏற்றத்தாழ்வுடைய இருவர் செய்யும் ஒப்பந்தம், இருவரும் இசைந்தனர் என்ற ஒன்றினாலேயே நீதியாகிவிடாது. ஆக, இவ்விசைவு மெய்யான இசைவாக வேண்டுமானால், மறுக்கவும் இயல வேண்டும். ஆயத்தம் என்ற சொல்லுக்கு நாம் காணும் பொருள் இதுவே. அளக்கத் தெரிந்து, சான்றெழுதத் தெரிந்து, பதிவேடு நடத்தத் தெரிந்து, ஆனால் 'விற்க மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத நாடு இன்னும் ஆயத்தமாகவில்லை. அது சரக்கை அடுக்கிவைக்க மட்டுமே கற்றிருக்கிறது.

இது 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. கியோத்தோவில் ஏழை நாட்டுக்குக் குறைப்புக் கடமை இல்லை. ஆகவே குறைத்ததை விற்றாலும் அதற்கு நட்டமில்லை. பாரிசிலோ எல்லா நாடுகளும் தத்தம் இலக்கைத் தாமே வகுத்து அறிவிக்கின்றன. விற்ற ஒவ்வொரு டன்னையும் விற்ற நாடு தன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிடில் ஒரே குறைப்பை இருவர் தமதென்று எண்ணுவர். இதற்கான விதிகள் 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் வகுக்கப்பட்டன. முறை நேர்மையானதே. ஆனால் விளைவைக் கவனியுங்கள். எந்த நாட்டிலும் சில குறைப்புகள் மலிவானவை, சில மிகுந்த செலவு பிடிப்பவை. வாங்குவோர் மலிவானதையே தேடி வருவர். எட்டும் கிளையின் கனியெல்லாம் அயலாருக்கு விற்றுவிட்டு, நாளை தன் இலக்கை நிறைவேற்ற அந்நாடு உச்சிக்கிளைக்கு ஏற வேண்டியிருக்கும். சுவிட்சர்லாந்து இவ்வகையில் முந்திக்கொண்டது. அங்கே எரிபொருள் இறக்குமதி செய்வோர் புகையின் ஒரு பகுதியை ஈடுகட்டக் கடமைப்பட்டவர்கள். 2020 நவம்பரில் கானாவுடன் அது உடன்பாடு செய்துகொண்டது. பாங்காக் நகரின் மின்பேருந்துகளால் குறைந்த 1,916 டன்னைத் தாய்லாந்திடமிருந்து பெற்றது, இவ்விதியின்கீழ் நிகழ்ந்த முதல் கைமாற்றமாக 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் கானா செய்த ஒன்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அயல்நாட்டுக்கு விற்கத்தக்க திட்டங்கள் எவை என்று வகுத்தபோதே, எவற்றை விற்பதற்கில்லை என்றும் ஒரு சிவப்புப் பட்டியல் எழுதி வைத்தது. தன் சொந்தப் பணத்தால் செய்வதாக வாக்களித்த பணிகள் அதில் அடங்கும். விதைநெல்லை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் உழவனின் அறிவு அது. இந்தோனேசியாவும் ஒரு பாடம் தந்தது. காடழிப்பைக் குறைத்தால் 100 கோடி டாலர் வரை தருவதாக 2010இல் நார்வே வாக்களித்தது. 2016-17இல் குறைந்த 1 கோடியே 12 லட்சம் டன்னுக்கு 5 கோடியே 60 லட்சம் டாலர் தர இசைந்தும், பணம் வந்துசேரவில்லை என்று கூறி 2021 செப்டம்பரில் இந்தோனேசியா அவ்வொப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. மறு ஆண்டே, புதிய விதிகளோடு புதிய உடன்பாடு கையெழுத்தாயிற்று, பணமும் வந்தது. பாப்புவா நியூ கினி 2022இல், தன் சட்டங்கள் உருப்பெறும்வரை புதிய தன்னார்வக் கார்பன் திட்டங்களை நிறுத்திவைத்தது. எதிர்ப்புறம், 2023இல் துபாய் நிறுவனம் ஒன்று லைபீரியாவின் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் காட்டுக்கு முப்பதாண்டு உரிமை பெறப் பேச்சு நடத்தியது. அது அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அக்காட்டில் வாழ்வோரிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை என்று அறப்போர் எழுந்தது. முறிக்கத் தெரிந்த நாட்டுக்கும் அத்துணிவு இன்னும் கைவராத நாட்டுக்கும் உள்ள தொலைவை எந்தப் பயிற்சிக் கையேடு அளக்கிறது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலின் 171ஆம் பத்தியில் கார்பன் வரவுகளைப் பற்றி எச்சரித்தார். இது புதிய ஊக வாணிகத்துக்கு இடம் தரக்கூடும். சில நாடுகளின் மிதமிஞ்சிய நுகர்வை அப்படியே நீடிக்கவிடும் உபாயமாகவும் ஆகக்கூடும் என்பது அவர்தம் அச்சம். முப்பந்தலையும் குளிர்சாதன வாயுவையும் அறிந்த நாம் அவ்வச்சத்தில் முழுவதும் பங்குகொள்கிறோம். எனினும் ஒரு பங்குத்தந்தையின் தயக்கத்தையும் பணிவோடு சேர்க்கிறோம். சந்தை தீயதென்று நாம் மறையுரை ஆற்றிவிட்டு அறைவீட்டுக்குத் திரும்பலாம்; ஏழை நாடு அப்படித் திரும்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல், இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்டு, அலுமினியம் போன்றவற்றின் பின்னாலிருக்கும் புகையைக் கணக்குக் கேட்கிறது. இந்தியாவும் 2023இல் தன் உள்நாட்டுக் கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது. விரும்பினாலும் விரும்பாவிடினும் தராசு வந்துவிட்டது. எடை போடத் தெரியாதவனைப் பார்த்துச் சந்தைக்குப் போகாதே என்பது அவனைக் காப்பதாகாது; தரகனிடம் ஒப்படைப்பதாகும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்நடுவுநிலை இரு தட்டுக்கும் உரியது. இங்கே ஒரு தட்டைத் தூக்கிப்பிடிக்கும் கைதான் பயிற்சியும் தருகிறது என்பதே நம் மனத்தை உறுத்துவது.

பெரியவருக்கு நாம் வாக்களித்தபடி விடை சொல்லப் போனோம். பணம் வருவது மெய்தான், ஆனால் அது காற்றாலை உடைமையாளருக்கே உரியது என்று விளக்கினோம். அவர் வருந்தவுமில்லை, சினக்கவுமில்லை. உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியிலிருந்து கிரயப் பத்திரத்தின் நகலை எடுத்துவந்து, "கொஞ்சம் வாசிங்க சாமி" என்றார். 1990களின் தொடக்கத்தில் எழுதிய பத்திரம். நான்கெல்லைகளும் சொல்லப்பட்டிருந்தன. கிணற்றில் பாதிப் பாத்தியமும், பதினொரு பனைகளும், மாவடை மரவடைகளும், நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம் உள்ளிட்ட சகல பாத்தியங்களும் கைமாறியிருந்தன. இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார், வாசித்தோம். வாசலில் ஆடிக்காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகாதபடி அவர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்றைப் பற்றி அப்பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை.